மச்சான் மினுக்கித் தந்த சட்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு பாத்திரம் சுத்தமாகிவிட்டதா என்று யாரும் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை. காதால் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். சட்டி கத்த வேண்டும். மலையிலிருந்து வருகிற தண்ணீரைக் குழாய் வைத்து விழவிட்டிருக்கிற பீலியடியில் காலையில் போய் நின்றால் தெரியும். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே 'கறக் கறக்' என்று பத்துக் குடும்பத்துச் சட்டிகளும் ஒன்றாகக் கத்திக்கொண்டிருக்கும். வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு பெயர் கூப்பிட ஆரம்பித்துவிடுவார் என்ற அவசரத்தில் எது கையில் அகப்படுகிறதோ அதைப் போட்டுத் தேய்ப்பார்கள். அடுப்புச் சாம்பல், ஓடை மணல், செங்கல் தூள், கம்பி நார். கத்திக் கத்தி ஓய்ந்த சட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, "பாத்தியா, கண்ணாடி மாதிரி" என்பார்கள். கண்ணாடியை மணல் போட்டுத் தேய்த்தால் அது என்ன கதிக்கு ஆளாகும் என்று ஒருத்தராவது யோசித்ததாகத் தெரியவில்லை.

இது அலுமினியச் சட்டி காலத்துப் புத்தி. அலுமினியம் தேய்க்கத் தேய்க்க வெளுக்கும். சட்டி பாதியாகக் குறைந்தாலும் வெளுப்புக் குறையாது. அதே கையோடு எவர்சில்வருக்கு வந்துவிட்டார்கள். நாங்கள் சுருக்கமாக சில்வர் என்று சொல்வோம். பெயரில் வெள்ளி இருக்கிறது, கையில் மணல் இருக்கிறது. அந்தச் சில்வர் வாங்கின அன்றைக்கு முகம் பார்க்கலாம். மாதம் ஒன்று போனால் அதில் தெரிகிற முகம் நம்முடையதா பக்கத்து வீட்டுக்காரருடையதா என்று சொல்ல முடியாது.

இவ்வளவு பேசுகிற நான் பெரிய படிப்பாளி இல்லை. எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறேன். தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டி இறக்குகிற வேலை. சட்டியைப் பற்றிக் கவலைப்படுகிற ஆளாக நான் ஆனது என் சம்சாரம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகுதான். கவலைப்படுகிற ஆள் என்பது மட்டும் பிறவியிலேயே. மழை பெய்தால் மண் சரியுமோ என்று பயப்படுவேன். மழை பெய்யாவிட்டால் பீலி வற்றுமோ என்று பயப்படுவேன்.

எங்கள் பையன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவள் புறப்பட்டாள். நான் வேண்டாம் என்றேன். அவள் என் பேச்சைக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். அங்கே போய் ஒரு வருஷம் ஆவதற்குள் கார்கோ பெட்டி ஒன்று வந்தது. சேலைத் துணி, சவுக்காரம், பால்மா எல்லாம் இருக்கும் என்று அக்கம்பக்கத்துச் சனம் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வந்து நின்றுகொண்டது. பெட்டியைப் பிரித்தால் சட்டி. பெரிதும் சிறிதுமாய், அடி தடித்த, கண்ணாடி மூடி போட்ட சில்வர் சட்டிகள். வந்து நின்ற சனத்துக்கு முகம் விழுந்துவிட்டது. "இம்புட்டுத் தூரம் போயி சட்டியா அனுப்பினா?" என்று என் அக்கா கேட்டாள். அக்கா கீழ் லயத்தில் இருக்கிறாள். அவளுடைய புருஷன் தோட்டத்துப் பெக்டரியில் மெஷின் பார்க்கிற மெக்கானிக். எல்லாரும் பாசு என்பார்கள்.

அன்றைக்கே சம்சாரம் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். அதை அவள் மூச்சு விடாமல் பேசியிருந்தாள்.

"என்னங்க, அந்தச் சட்டியில கம்பி நார் படக் கூடாது. சாம்பல் படக் கூடாது. மணல நெனைக்கவே கூடாது. சூடா இருக்கும்போது பச்சத் தண்ணி ஊத்தாதீங்க. உப்ப, தண்ணி கொதிச்ச பெறகு போடுங்க, முன்னாடி போட்டா அடியில புள்ளி விழும். இது நான் பாத்துப் பாத்துச் சேத்தது. ஒப்பந்தம் முடிஞ்சு லீவுல வருவேன். திரும்பிப் போறதா இல்லையாங்கிறத வீட்டப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன். வீடு வீடா இருந்தா இருப்பேன். இல்லன்னா ஏஜென்சிக்காரன் கூப்புட்டுக்கிட்டே இருக்கான்."

இதில் மற்றவர்களுக்குச் சட்டி மட்டும் கேட்டிருக்கும். எனக்குக் கடைசி வார்த்தைகள் மட்டும்தான் கேட்டன. வீட்டைப் பார்த்துத்தான் முடிவு. எங்கள் லயத்துக் காம்பரா அறையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? தகரம், சுவர், அடுப்பு. அவள் அனுப்பியதைத் தவிர வேறு எதைப் பார்த்து முடிவு செய்யப் போகிறாள்? அந்தச் சட்டிகள்தான் என் பரீட்சை என்று எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எழுதாமல் ஓடிவந்த பரீட்சைகள் எல்லாம் சேர்ந்து சட்டி வேஷத்தில் வந்து சுவர்த் தட்டில் உட்கார்ந்துகொண்டன.

சட்டி கழுவுவது எப்படி என்று போனில் தேடினேன். அதைவிட மணலே மரியாதையானது. ஒருத்தன் பற்பசையைப் பிதுக்கி வைத்துத் தேய்க்கிறான். இன்னொருத்தி குளிர்பானத்தை ஊற்றிக் கொதிக்க விடுகிறாள். பின்னால் கல்யாண வீடு மாதிரிப் பாட்டு ஓடுகிறது. கறுத்த சட்டியைக் காட்டுகிறார்கள், ஒரு வெட்டு, வெளுத்த சட்டியைக் காட்டுகிறார்கள். அது வேறு சட்டி என்பது கவ்வாத்துக்காரனுக்கே தெரிகிறது.

கடைசியில் அவள் சொன்னபடிதான் செய்தேன். சோறு அடி பிடித்தால் சட்டி தானாக ஆறும் வரைக்கும் விட்டு, பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி ஊறவைப்பேன். எங்கள் ஊர்ப் பச்சைத் தண்ணீரைச் சூட்டுச் சட்டியில் ஊற்றினால் 'டப்' என்று அடி வளையும். அது சும்மா சத்தமில்லை, சட்டி போச்சு என்கிற சத்தம். கருகிப் போனால் தண்ணீரில் அப்பச்சோடா போட்டுக் கொதிக்கவிட்டு, சிரட்டை அகப்பையால் மெதுவாகத் தள்ளினால் கருகல் தானாக எழும்பி மிதக்கும். வெள்ளைத் திட்டு, வானவில் நிறத்துத் திட்டு எல்லாம் தேசிக்காய் என்கிற எலுமிச்சைப் புளிக்கும் வினாகிரிக்கும் போய்விடும். மெல்லிய பஞ்சை வைத்து, சட்டியோடு கூடப் பிறந்த மெல்லிய கோடு ஓடுகிற பக்கமாகவே துடைக்க வேண்டும். கழுவினதும் பழைய சாரத்துத் துண்டால் ஈரம் இல்லாமல் ஒற்ற வேண்டும். கேஸ் முடிந்து மிலாறு அடுப்பில் வைக்க நேர்ந்தால், வைப்பதற்கு முன்னால் அடியில் சவுக்காரத்தைக் குழைத்துப் பூசிவிட வேண்டும். தேயிலைக் குச்சி புகைந்தால் பிடிக்கிற கரி தார் மாதிரி ஒட்டும். சவுக்காரம் பூசியிருந்தால் அது சவுக்காரத்தோடு கழன்று வரும்.

இதில் எங்கேயாவது பலம் வேண்டியிருக்கிறதா? இல்லை. பொறுமைதான் வேண்டும். எங்கள் ஆட்களிடம் பலத்துக்கு ஒரு குறையும் இல்லை.

இளஞ்சூட்டுத் தண்ணீர்க் கேத்தலோடு நான் பீலிக்கு வந்தால் பொம்பளைகளுக்குக் கொண்டாட்டம்.

"என்ன மாமா, சட்டிக்குக் காய்ச்சலா? ஒத்தடம் குடுக்குறீங்க."

"துண்டு போதுமா? ஒரு கம்பளியப் போத்தி விடுங்க. பனி கொட்டுதுல்ல."

ஒரு கிழவி மட்டும் சிரிக்காமல் சொன்னாள்: "இந்தத் தேய்ப்ப பொண்டாட்டி முதுகுக்குத் தேச்சு விட்டிருந்தா அவ எதுக்குக் குவைத்துக்குப் போறா?"

மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குப் பதில் எப்போதும் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வரும். ஆனால் அவர்கள் சட்டிகளைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். உள்ளே நூறு பூனை பிறாண்டின மாதிரி இருந்தது. அந்தக் கீறலுக்குள் நேற்றைய குழம்பு, முந்தாநாள் குழம்பு எல்லாம் குடியேறிவிடுகிறது. அதை எடுக்க இன்றைக்கு இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள். நாளைக்கு இன்னும் ஆழமாகக் குடியேறுகிறது. இந்தக் கூட்டந்தான் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

வெள்ளிக்கிழமை பகலில் சம்சாரத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அன்றைக்குத்தான் முகம் பார்த்துப் பேசுவாள். சிக்னலுக்காக நான் இஸ்தோப்பின் மூலையில், தகரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். "சாப்பிட்டீங்களா" என்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் "தட்டுப் பக்கம் திருப்புங்க" என்பாள். நான் போனைச் சட்டிகளின் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பேன். அவள் அங்கிருந்து பெரிய சட்டி, நடுச் சட்டி, சின்னச் சட்டி என்று வரிசையாகப் பார்ப்பாள். என்னைப் பார்க்கிற நேரத்தைவிட அவைகளைப் பார்க்கிற நேரம்தான் அதிகம். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் என் முகத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? சட்டியாவது மினுமினுக்கிறது.

அவள் ஊருக்கு வருகிற நாள் நெருங்கினபோது தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா வந்தது. விமான நிலையத்துக்குப் போக வேன் பேசுவதற்காக நான் பக்கத்து டவுன் நோர்வூட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுச் சாவி அக்காவிடம் இருந்தது. எனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஒரு ஆள் வேண்டுமே என்று நானே கொடுத்து வைத்திருந்தேன்.

அக்காவுக்கு அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற நேர்த்தி ஒன்று இருந்தது. அதற்கு அவள் வீட்டில் சட்டி இல்லாமல் இல்லை. ஆனால் கோயில் வாசலில் வரிசையாக எல்லாப் பொம்பளைகளும் அடுப்பு மூட்டும்போது, நசுங்கின அலுமினியப் பானையோடு உட்கார அவளுக்கு மனசு வரவில்லை. வந்து கதவைத் திறந்தாள். பெரிய சட்டியை எடுத்தாள். கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டினாள். கல் கூட்டி, மிலாறை அடைத்து, சவுக்காரம் கிவுக்காரம் ஒன்றும் பூசாமல் ஏற்றிவிட்டாள். அவள் பெரிய மனுஷியாட்டம் வந்தவர் போனவருக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் சர்க்கரை அடி பிடித்துக் கரியாகிவிட்டது. சாமிக்கு மேலாக எடுத்துப் படைத்துவிட்டாள். அடியில் இருந்ததை இரும்புக் கரண்டியால் சுரண்டினாள். கரண்டி வளைந்ததே தவிரக் கரி வரவில்லை.

அந்த இடத்தோடு நிறுத்தி, சட்டியை என் தலையில் கட்டியிருந்தால்கூட நான் காப்பாற்றியிருப்பேன். அப்பச்சோடாவும் பொறுமையும் போதும். ஆனால் எங்கள் குடும்பத்தில் தப்புச் செய்கிற ஆள் ஒருத்தர், அதைத் திருத்துகிற ஆள் இன்னொருத்தர். திருத்துகிறவர்தான் ஆபத்து.

நான் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தபோது மச்சான், அக்காவின் புருஷன், வேலை உடுப்போடு நேரே பெக்டரியிலிருந்து வந்தார். கையில் கொழுந்துச் சாக்கில் சுற்றின ஏதோ ஒன்று. பெரிய பரிசு கொடுக்கிறவர் மாதிரிச் சிரித்துக்கொண்டு சாக்கை உருவினார்.

"எங்க, கறுப்பு ஒண்ணு இருந்தா காட்டு பாப்போம், மச்சான்."

கறுப்பு இல்லை. சட்டியும் இல்லை. இருந்தது வேறு ஏதோ ஒரு சாமான். உள்ளேயும் வெளியேயும் வட்ட வட்டமாகக் கோடு ஓடியிருந்தது, பழைய பாட்டுத் தட்டு மாதிரி. விரலை வைத்தால் சொரசொரத்தது.

"இது எப்புடி மச்சான்..." என்றேன்.

"மோட்டர்ல மாட்டுற கம்பி பிரஷ் இருக்குல்ல? ரோலரோட துருவெல்லாம் எடுக்குறது. அதுல பிடிச்சேன். உங்க அக்கா அழுதுக்கிட்டு நின்னா. ரெண்டே சுத்து. வாங்கின அன்னிக்கிகூட இப்புடி மினுங்கியிருக்காது."

தேயிலை ரோலரில் துரு எடுக்கிற மெஷினில் சோற்றுச் சட்டியைப் பிடிக்கலாம் என்று உலகத்தில் வேறு எந்த மனிதனுக்காவது தோன்றுமா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். தோன்றாது. அதற்கு ஒரு பெக்டரி வேண்டும், கையில் மெஷின் வேண்டும், எதையும் மெஷினால் சரிக்கட்டிவிடலாம் என்கிற நெஞ்சு வேண்டும். மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து, அந்த ஆள் எனக்கு மச்சானாகவும் வாய்த்திருந்தார். நன்றி சொல்வேன் என்று அவர் காத்து நின்றார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

அதைவிட மோசம் மறுநாள். காலையில் சட்டியைப் பார்த்தால் உள்ளே செம்மண் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. துரு. சில்வரில் துரு! இரும்புக் கம்பி பட்ட இடமெல்லாம் இரும்புத் தூசி ஏறிக்கொண்டு, எங்கள் ஊர் ஈரக் காற்றில் இரவோடு இரவாகப் பூத்துவிட்டது. நான் உட்கார்ந்து தேசிக்காய்ப் புளி போட்டு, துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். புள்ளி போனது. வட்டக் கோடு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அது எந்தப் புளிக்கும் போகாது. கறை என்றால் மேலே வந்து உட்கார்ந்திருக்கிற சமாசாரம், இறக்கிவிடலாம். கீறல் என்பது சட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போனது. போனதைக் கழுவிக் கொண்டுவர முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை நான் போனைத் திருப்பும்போது பெரிய சட்டியை நடுச் சட்டிக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

"பெரிய சட்டி எங்க?"

"பின்னால இருக்கு."

"ஏன் பின்னால இருக்கு? முன்னால வைங்க."

நல்லவேளை, மூடுபனி வந்து சிக்னலைத் தின்றுவிட்டது. என் வாழ்க்கையில் பனிக்கு நான் கடன்பட்ட ஒரே நாள் அதுதான்.

அதே மாதிரிச் சட்டி கிடைக்குமா என்று நோர்வூட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானாவிடம் போனேன். சட்டியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத என்ன தம்பி, ரோட்ல கட்டி இழுத்தீங்களா?"

"இதே மாதிரி ஒண்ணு வேணும் நானா."

"இந்தச் சாமான் இங்க வராது. இந்தாங்க, இதப் பாருங்க. நான்ஸ்டிக். ஒட்டவே ஒட்டாது."

கறுப்பு பூசின ஒரு தாச்சியை என் முன்னால் வைத்தார். ஒட்டாத சட்டி. அதுதான் இப்போது மோஸ்தர். எங்கள் லயத்துக்கு அதைக் கொண்டுபோனால் முதல் நாளே மணலைப் போட்டு அந்தக் கறுப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, "எவ்வளவு அழுக்கு பாத்தியா" என்பார்கள். வேண்டாம் என்று எழுந்து வந்தேன்.

அவள் வருவதற்கு முந்தின நாட்களில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். தகரத்தில் ஒழுகுகிற இடத்தைத் தார் பூசி அடைத்தேன். அடுப்பைச் சாணி போட்டு மெழுகினேன். ஒவ்வொன்றைச் செய்து முடிக்கும்போதும் கண் தட்டுப் பக்கம் போகும். மற்றதெல்லாம் சரியாகச் சரியாக அது ஒன்றுதான் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. சட்டியை ஒளித்து வைக்கலாமா என்று யோசித்தேன். ஒளித்தால் களவு போய்விட்டது என்று நினைப்பாள். அது இன்னும் மோசம். கீறின சட்டி இருக்கிற வீடு மேலா, சட்டியே இல்லாத வீடு மேலா என்று கவ்வாத்துக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு மலையில் நின்று யோசித்தவன் தோட்டத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

வந்தாள். வேன் கினிகத்தேனையைத் தாண்டி மலை ஏறும்போதே அவள் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு குளிரை முகத்தில் வாங்கிக்கொண்டு வந்தாள். லயத்துக்கு வந்ததும் சனம் கூடிவிட்டது. அக்கா ஆரத்தி எடுத்தாள். கட்டிப்பிடித்து அழுதாள். மச்சான் பெட்டியைத் தூக்கி வைத்தார். தேத்தண்ணி, பிஸ்கட், விசாரிப்பு. "மெலிஞ்சு போயிட்டியே", "வெளுத்துப் போயிட்டியே", "அங்க என்ன சாப்பாடு". எனக்கு மட்டும் அவள் கண் எங்கே போகிறது என்பதிலேயே உயிர். சுவரைப் பார்த்தாள். தகரத்தைப் பார்த்தாள்.

எல்லோரும் போனதும் சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"பெரிய சட்டிய எடுங்க. சோறு வைக்கலாம்."

எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? அவள் அதைக் கையில் வாங்கின உடனேயே நின்றுவிட்டாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உள்பக்கம் விரலால் தடவினாள். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"இது என்னது?"

சொன்னேன். பொங்கல், கரி, மெஷின், எல்லாம். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவள் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு நேரே பீலிக்கு நடந்தாள். அங்கே அக்கா துணி அலசிக்கொண்டிருந்தாள். பின்னால் ஓடினேன்.

"அண்ணி, இந்தச் சட்டிய யாரக் கேட்டு எடுத்தீங்க?"

அக்கா நிமிர்ந்தாள். "வந்ததும் வராததுமா இது என்ன பேச்சு? சாமிக்குத்தான எடுத்தேன். வித்தா தின்னேன்?"

"சாமி கேட்டுச்சா, இவ சட்டியிலதான் பொங்கணும்னு?"

"அடேயப்பா! ஊர்ல இல்லாத சட்டி. எம்புருஷன் வேலையப் போட்டுட்டு மினுக்கிக் குடுத்தாரு. அதுக்கு ஒரு நல்ல வார்த்த இல்ல."

"நல்லா மினுக்கினாரு. உங்க வீட்டு அலுமாரிக் கண்ணாடியும் மங்கித்தான கெடக்கு? அதையும் அந்த மெஷின்ல பிடிச்சுத் தரச் சொல்லுங்க அண்ணன."

துவைத்துக்கொண்டும் சட்டி தேய்த்துக்கொண்டும் இருந்த பொம்பளைகள் கையை நிறுத்திவிட்டார்கள். யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டாள். அக்காவுக்கு முகம் சிவந்தது.

"வெளிநாடு போயி நாக்கு நீண்டு போச்சுடி உனக்கு."

"நாக்கு எப்பவும் இதே நீளந்தான். அங்க மடிச்சு வச்சிருந்தேன்."

"நீ இல்லாதப்ப உம்புருஷன் காய்ச்சல்ல கெடந்தானே, யாரு கஞ்சி ஊத்தினது?"

"நீங்கதான். அந்தக் கஞ்சிக்குக் கும்புடுறேன், அண்ணி. இந்தச் சட்டிக்குத்தான் கேக்குறேன்."

அக்கா ஈரத் துணியை வாளியில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே நாளைக் கழித்த பொம்பளைகள் தங்கள் தங்கள் சட்டியை இடுப்புக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டார்கள், ஏதோ அவள் அதையும் வாங்கித் தடவிப் பார்த்துவிடுவாள் என்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்தோம். சரி, முடிந்தது என்று நினைத்தேன். இவள் நாளைக்கே போனை எடுத்து ஏஜென்சிக்காரனைக் கூப்பிடுவாள். நான் அடித்த சுண்ணாம்பு, பூசின தார் எல்லாம் மண். ஒரு மெஷின், ரெண்டு சுற்று, என் குடித்தனம்.

அவள் அடுப்படியில் குந்திக்கொண்டு அரிசி களைந்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அங்க அந்த வீட்டுக்கார அம்மா சட்டிய சன்னல்ல தூக்கிப் பிடிச்சுப் பாக்கும். மயிரு மாதிரி ஒரு கோடு இருந்தாலும் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டு போயி எல்லாருக்கும் காட்டும். பிள்ளைங்க சிரிக்கும். நான் ஓரமா நிப்பேன்."

"நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"என்னத்தச் சொல்ல? அது அவ சட்டி." அரிசியை அந்தப் பெரிய சட்டியில் கொட்டினாள். "இது என் சட்டி. இதுக்காக நான் கத்தலாம். இன்னிக்குத்தான் கத்தினேன்."

அதில் கோபம் தெரியவில்லை. நல்ல சாப்பாடு சாப்பிட்டு முடித்த ஆள் மாதிரி இருந்தாள். எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

ஏஜென்சிக்காரன் கூப்பிட்ட அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருந்தோம். அவள் போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் தேனாகப் பேசினான். நல்ல வீடு, சின்னக் குடும்பம், வெள்ளிக்கிழமை முழு நாள் ஓய்வு, பழைய ஆள் என்பதால் அவளுக்குத்தான் முதலில் சொல்கிறானாம். இவன்கள் எல்லாருக்கும் முதலில்தான் சொல்வான்கள்.

"இல்ல தம்பி. நான் வரல."

"ஏன் அக்கா? ஒடம்புக்கு ஏதாவதா?"

"ஒடம்பு நல்லா இருக்கு."

"அண்ணன் வேணாங்கிறாரா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவரு ஒண்ணும் சொல்லல. அவரு சொல்ல மாட்டாரு. வீட்டப் போட்டுட்டு வர முடியாது தம்பி. ஆள் இருக்குற வீட்டுலயே சட்டியக் கொண்டுபோயி மெஷின்ல பிடிக்கிறானுங்க. இன்னும் ரெண்டு வருஷம் நான் இல்லன்னா என்னத்த எல்லாம் பிடிப்பானுங்களோ."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன மெஷின் அக்கா?" என்று கேட்டான். அவள் வெங்காயக் கையாலேயே போனைத் தட்டி நிறுத்தினாள்.

நான் கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். சட்டிகளை ஒரு கீறல் படாமல் நான் கட்டிக் காத்தேன், அதைப் பார்த்து மனம் நிறைந்து அவள் தங்கியிருக்கலாம். அப்படி நடக்கவில்லை. அவளைத் தங்க வைத்தது ரோலர் துரு எடுக்கிற கம்பி பிரஷ். இதற்காக மச்சானுக்கு நான் நன்றி சொல்ல வேண்டி வருமோ என்கிற கவலைதான் எனக்கு முதலில் வந்தது.

சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை.